பின்வளவில் வீசிய பந்துகள்: ஒரு மாணவியின் முதுகுக் காயமும் தந்தையின் கொப்பியும்

யாழ்ப்பாண மாவட்டத்துப் பாடசாலை ஒன்றின் பெண்கள் துடுப்பாட்ட (கிரிக்கெட்) அணியில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். மாணவிக்கு அப்போது 15 வயது. தரம் 10. வலக்கை வேகப்பந்துவீச்சாளர். நான் அந்த அணியின் பொறுப்பாசிரியை. மாணவியும் பெற்றோரும் சம்மதம் தந்த பின்னரே எழுதுகிறேன். பெயர், ஊர், பாடசாலை எதையும் குறிப்பிடவில்லை. பந்துவீச்சில் ஆசை கொண்ட பிள்ளையும் அதே ஆசை கொண்ட பெற்றோரும் ஒரே வீட்டில் இருப்பது பெரும் பாக்கியம் என்றே நம்புகிறேன். அந்தப் பாக்கியம் பிள்ளையின் முதுகெலும்பைப் பாதிக்காமல் இருக்க, அணியை நடத்துபவர்கள் என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்லவே இந்தப் பதிவு.

பின்னணி

தந்தை மேசன் தொழில் செய்பவர். பாடசாலை நாட்களில் இடக்கை மிதவேகப் பந்துவீச்சாளர். 1995 மார்ச்சில் நேப்பியரில் இலங்கை அணி நியூசிலாந்தை வென்று, வெளிநாட்டு மண்ணில் தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. சமிந்த வாஸ் இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்து ஐந்தாகப் பத்து விக்கெட் எடுத்த ஆட்டம் அது. அப்போது போரால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரி தடை செய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மாறி ஒருவர் பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டவர்களில் இவரும் ஒருவர். தானும் இடக்கைக்காரர் என்பதால் வாஸ் அவருக்கு நெருங்கிய உறவினர் போல ஆகிவிட்டார்.

அதே ஆண்டு ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்கியதால், யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி மக்கள் எல்லோரும் இடம்பெயர்ந்தார்கள். அடுத்த மார்ச்சில் லாகூரில் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றபோது இவர் தென்மராட்சியில் ஒரு கொட்டிலில் இருந்தார். திரும்பி வந்தபோது குடும்பத்துக்கு உழைக்க வேண்டிய நிலை. பாடசாலைத் தொப்பியோடு கடினபந்து ஆட்டம் ஒன்றில் பந்து வீசும் வாய்ப்பு அவருக்குப் பிறகு வரவே இல்லை. மாலையில் ஊர்க் கழகத்தில் மென்பந்து ஆடியதோடு சரி.

மகளுக்கு ஆறு வயதாகும்போது அப்பா வீசும் பந்தைப் பொறுக்கிக் கொடுப்பதுதான் அவளுடைய வேலை. ஒன்பது வயதில் தானும் வீசினாள். ஒழுங்கையில் பெடியன்களோடு விளையாடினாள். அவர்களில் பலரை ஆட்டமிழக்கவும் செய்தாள். பன்னிரண்டு வயதானதும் அயலவர்களின் பேச்சுத் தொடங்கியது. பெரிய பிள்ளை, இனியும் ஒழுங்கையில் ஓடித் திரிவதா என்றார்கள். தாயும் அதையே சொன்னார். தந்தை யாரோடும் வாதாடவில்லை. சீமெந்து சிறிது சிறிதாக வாங்கிச் சேர்த்து, பின்வளவில் 22 யார் நீளத்துக்குத் தானே ஒரு தளம் போட்டார். வளவு போதாததால் ஓடிவரும் பாதை வேலி மூலையில் தொடங்கிக் கிணற்றடியைச் சுற்றி வளைந்து வரும். பெண்பிள்ளைக்கு ஊரில் பந்து வீச இடமில்லாமல் போனதால் உருவான தளம் அது. இதை மறந்துவிட்டால் பின்னர் நாங்கள் எடுத்த முடிவு எதுவும் விளங்காது.

அவருடைய பாடம் பழைய பாடம், நல்ல பாடம். பந்தின் தையல் நிமிர்ந்திருக்க வேண்டும். பின்கால் பாதம் கிரீஸ் கோட்டுக்குச் சமாந்தரமாக விழ வேண்டும். முன்கையை உயர்த்தி, முன்தோளுக்கு மேலாகத் துடுப்பாட்டக்காரரைப் பார்க்க வேண்டும். உடல் முழுவதும் பக்கவாட்டில் நின்று வீசும் முறை இது.

எங்கள் பயிற்றுநர் இளையவர், அக்கறையுள்ளவர். மார்பு துடுப்பாட்டக்காரரை நோக்கித் திறந்திருக்கும் முறையில் அவருக்கு நம்பிக்கை அதிகம். அதுவும் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான். தோளைத் திற என்று அவர் இவளிடம் சொல்லி வந்தார். வீட்டில் கேட்டதையும் பாடசாலையில் கேட்டதையும் பிள்ளை மதித்தாள். இருவர் சொல்லையும் ஒரே உடலில் நிறைவேற்றப் பார்த்தாள்.

2024 ஜூலை 28 அன்று தம்புள்ளையில் இலங்கைப் பெண்கள் அணி இந்தியாவை எட்டு விக்கெட்டுகளால் வென்று ஆசியக் கிண்ணத்தைப் பெற்றது. அப்பாவும் மகளும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து பின்வளவுப் பயிற்சி நாள் தவறாமல் நடந்தது.

கவனித்தவை

ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மாரி. பாடசாலை மைதானத்தில் தண்ணீர் நின்றதால் பயிற்சி பெரும்பாலும் நடக்கவில்லை. மழை விட்டால் அரை மணியில் காய்ந்துவிடும் சீமெந்துத் தளமோ முழு நேரமும் வேலை செய்தது. ஜனவரியில் பாடசாலைப் பயிற்சி வாரம் மூன்று நாட்களாக மீண்டும் தொடங்கியது. வீட்டுப் பயிற்சி குறையவில்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறியது.

ஜனவரி நடுப்பகுதியில் சிறு மாற்றங்கள் தெரிந்தன. பந்தை விட்ட பின் இடது இடுப்புக்கு மேலே கை வைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். எல்லைக்கோட்டிலிருந்து நேராக எறியாமல் இடையில் நிற்பவரிடம் உருட்டிவிட்டாள். உயரப் பந்து பிடிக்கும் பயிற்சியில் அண்ணாந்து பார்க்கும்போது முகம் சுருங்கியது. குனிந்து பந்து பொறுக்குவதில் சிரமம் எதுவும் இல்லை. கேட்டதற்கு, ஒன்றுமில்லை ரீச்சர், படுத்தெழும்பினால் சரியாகிவிடும் என்றாள். வீட்டில் அப்பம்மா நோவுக்கு எண்ணெய் பூசிவிட்டிருக்கிறார்.

ஒரு பக்கத்தில் மட்டும் வலி, பின்னால் வளையும்போது கூடுகிறது, ஓய்வெடுத்தால் குறைகிறது, வீசினால் திரும்பி வருகிறது. வளரும் வயது வேகப்பந்துவீச்சாளரிடம் இந்த நான்கும் சேர்ந்து வந்தால் தசைப்பிடிப்பு என்று விட்டுவிடக்கூடாது. வலக்கைக்காரருக்கு வலி இடப்பக்கத்தில் இருப்பது கூடுதல் எச்சரிக்கை. அன்றே பந்துவீச்சை நிறுத்தி, தாயை அழைத்துப் பேசி, வைத்தியரிடம் அனுப்பினோம்.

எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. இத்தகைய காயம் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது வழக்கம். இயன்மருத்துவர் அவளை இடது காலில் மட்டும் நிற்கவைத்துப் பின்னால் வளையச் சொன்னார், வலித்தது. அந்தச் சோதனையை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது என்பதையும் அவரே விளக்கினார். எம்.ஆர்.ஐ ஸ்கான் பெப்ரவரியில் எடுக்கப்பட்டது. ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பின் பின்வளைவில், இடப்பக்கத்தில், அழுத்தத்தால் ஏற்பட்ட காயம். எலும்பின் உள்ளே வீக்கம் இருந்தது. முழுமையாக வெடித்துப் பிரியவில்லை. ஆஸ்திரேலிய வேகப்பந்துவீச்சாளர் டெனிஸ் லில்லியை 1973 மேற்கிந்தியச் சுற்றுப்பயணத்தில் வீழ்த்தியதும் முதுகில் ஏற்பட்ட இதே வகைக் காயம்தான். அவர் 1974 இறுதியில் மீண்டும் வந்து இங்கிலாந்துக்கு எதிராக வீசினார். வைத்தியர் இதைச் சொன்னபோதுதான் பிள்ளை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

கணக்கில் வராத பந்துகள்

பயிற்றுநரிடம் பாடசாலைப் பயிற்சியின் கணக்கு இருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இங்கிலாந்து துடுப்பாட்டச் சபையின் வழிகாட்டலில் 15 வயதுக்குட்பட்ட வேகப்பந்துவீச்சாளர் இடைவெளி எடுக்காமல் வீசும் ஒரு தொடர்ச்சியில் 6 ஓவர், ஒரு நாளில் 12 ஓவர் வரை வீசலாம். இவள் பாடசாலையில் ஒருநாளும் அந்த எல்லையை நெருங்கியதில்லை.

நான் வேறு கேள்வி கேட்டேன். பாடசாலையைத் தவிர எங்கே வீசுகிறாய்?

“வீட்டில், அப்பாவோடு.”

“எத்தனை பந்து?”

“எண்ணுவதில்லை ரீச்சர். இருட்டும் வரை.”

அடுத்த நாள் மாலை பயிற்றுநரோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். தளத்தைப் பார்த்தவுடன் பாதிக் கதை விளங்கிவிட்டது. முன்கால் விழும் இடத்தில், ஒரு சாண் அகலத்துக்குச் சீமெந்தின் மேற்பூச்சுத் தேய்ந்து, உள்ளே கிடந்த கருங்கல் சல்லி வெளியே தெரிந்தது. விறாந்தைப் படியில் அவளுடைய சப்பாத்துகள் இருந்தன. வலது சப்பாத்தின் குதி கிட்டத்தட்டப் புதிதாகவே இருந்தது. இடது குதி வெளிப்பக்கமாகச் சாய்ந்து, றப்பர் தேய்ந்து, துணி தெரிந்தது. தந்தையும் மகளும் அமர்ந்து நினைவிலிருந்து கணக்குச் சொன்னார்கள். சாதாரண நாளில் எண்பது, தொண்ணூறு பந்துகள். சனி, ஞாயிறில் அதைவிடக் கூட. வாரத்துக்கு அறுநூறைத் தாண்டியிருக்கும் என்று பயிற்றுநர் கூட்டிப் பார்த்துச் சொன்னார். பாடசாலையில் நாங்கள் எண்ணியது அதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. அத்தனையும் மைதானப் புல்லைவிடக் கடினமான சீமெந்தில் விழுந்த கால்.

பிறகு பயிற்றுநர் தன் கைப்பேசியில் இருந்த காணொளியை மெதுவாக ஓடவிட்டார். பின்கால் பாதம் அப்பா சொல்லிக்கொடுத்தபடி கோட்டுக்குச் சமாந்தரமாக விழுகிறது. இடுப்பும் பக்கவாட்டில். தோள்கள் மட்டும் பயிற்றுநர் சொன்னபடி முன்னால் திறந்திருக்கின்றன. பந்தை விடுவதற்கு முன் அந்தத் தோள்கள் மீண்டும் பக்கவாட்டுக்குத் திருகி, பின் முன்னால் வருகின்றன. கலப்பு முறை என்று பந்துவீச்சில் சொல்வது இதைத்தான். முன்கால் நிலத்தில் ஊன்றும் கணத்தில் உடல் எடையின் பல மடங்கு விசை காலின் வழியாக மேலே வருகிறது. அதே கணத்தில் வலக்கைக்காரரின் நடுவுடல் இடப்பக்கம் சாய்ந்து, பின்வளைந்து, திருகியும் நிற்கிறது. இடுப்பு ஒரு திசை, தோள் ஒரு திசை என்றால் நடுவில் இருக்கும் எலும்புதான் அகப்படுகிறது. இருபது வயதைத் தாண்டும் வரை அந்த எலும்புப் பகுதி முழுதாக முதிர்வதில்லை.

அப்பா காணொளியை மூன்று முறை ஓடவிடச் சொன்னார். “இந்தக் கால் நான் பழக்கியது,” என்று மட்டும் சொன்னார். பயிற்றுநர் தயங்காமல், “இந்தத் தோள் நான் பழக்கியது அண்ணை,” என்றார். அன்று மாலை அந்த விறாந்தையில் நடந்தவற்றில் நான் மிகவும் மதிப்பது இந்த இரண்டு வாக்கியங்களை.

எடுத்த முடிவுகள்

கருத்துகள் நாலு பக்கமும் இழுத்தன. தாய் விளையாட்டையே நிறுத்தச் சொன்னார். அடுத்த ஆண்டு சாதாரணதரப் பரீட்சை, பிள்ளைக்கு முதுகு போனால் யார் பதில் சொல்வது என்றார். அது நியாயமான கேள்வி. பயிற்றுநர், விளையாட்டு தொடரட்டும், வீட்டுப் பயிற்சி மட்டும் வேண்டாம் என்றார். தந்தை எழுந்து, நாளைக்கே தளத்தை உடைத்துவிடுகிறேன் ரீச்சர் என்றார். மகள் அதுவரை வாய் திறக்கவில்லை. “உடைத்தால் நான் பாடசாலை அணிக்கும் வரமாட்டேன்,” என்றாள்.

தளத்தை உடைக்க வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொன்னேன். ஊரில் அவளுக்கென்று இருக்கும் ஒரே இடம் அது. அவள் நடப்பதையும் இருப்பதையும் நாள்தோறும் பார்க்கும் ஒரே பந்துவீச்சாளர் அவளுடைய அப்பா. அவரை விலக்கினால் நாங்கள் இழப்பது ஒரு காவலை. கேடு விளைந்தது அவர் பழக்கியதால் மட்டும் அன்று. இரண்டு இடத்துப் பந்துகளையும் யாரும் கூட்டிப் பார்க்காததாலும், இரண்டு பாடங்கள் ஒன்றையொன்று அறியாமல் நடந்ததாலும். ஆகவே கூட்டிப் பார்க்கும் பொறுப்பை அவரிடமே கொடுப்பது என்று தீர்மானித்தோம். ஒரு கொப்பி. பாடசாலையில் வீசியதும் வீட்டில் வீசியதும் ஒரே பக்கத்தில், அன்றன்றே, அப்பாவின் கையெழுத்தில். வலி இருந்ததா, எந்தப் பக்கம் என்பது மகளின் கையெழுத்தில்.

பந்துவீச்சு முறையைப் பற்றி அப்பாவும் பயிற்றுநரும் தனியே பேசி ஒரே முடிவுக்கு வர வேண்டும், அதுவரை பிள்ளையிடம் இருவரும் அதைப்பற்றி வாய் திறக்கக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டோம். மருத்துவத்தில் எங்களுக்குத் தெரிவு இருக்கவில்லை. குறைந்தது நான்கு மாதம் பந்துவீச்சு இல்லை. முதல் வாரங்களில் ஓட்டமும் இல்லை. பிறகு இயன்மருத்துவர் சொல்லும் வயிற்று, முதுகு, இடுப்புத் தசைப் பயிற்சிகள். இரத்தப் பரிசோதனையும் செய்து, சாப்பாட்டையும் வைத்தியர் கவனிக்கச் சொன்னார். காலையில் தேநீரோடு பாடசாலைக்கு வந்து, மாலையில் பயிற்சி முடிந்து, ரியூசனும் முடிந்து இரவு எட்டுக்குச் சாப்பிடும் பிள்ளையின் எலும்பு எதைக் கொண்டு தேறும்? இந்தப் பகுதியைத் தாய் தன் கையில் எடுத்துக்கொண்டார். ஆட்டத்துக்கு எதிராக நின்றவர் அதன் பிறகு எங்கள் பக்கம் வந்தார்.

ஓய்வுக் காலம்

நான் அஞ்சியது இந்த மாதங்களைத்தான். மாலை ஐந்து மணிக்கு அப்பா வேலைத்தலத்திலிருந்து வந்து கால் கழுவியவுடன் இருவரும் பின்வளவுக்குப் போவது பல ஆண்டுப் பழக்கம். பந்தை நிறுத்தினால் அந்த ஒரு மணி நேரம் என்னாகும்? நேரத்தை நிறுத்த வேண்டாம், ஆட்களை இடம் மாற்றுங்கள் என்றோம். அப்பா வீசினார். மகள் நடுவராக நின்றாள். ஒவ்வொரு பந்துக்கும் தையல் எப்படி நின்றது, எங்கே குத்தியது, எந்தப் பக்கம் விலகியது என்று அவள் சொல்ல வேண்டும். அப்பாவின் முன்கால் கோட்டைத் தாண்டியபோது கூச்சமில்லாமல் நோபோல் கொடுத்தாள் என்று தாய் சொல்லிச் சிரித்தார்.

மூன்றாவது மாதத்தில் எதிர்பாராத ஒன்று நடந்தது. மகள் என்னிடம் வந்து, “அப்பாவின் காலும் தோளும் ஒரே திசையில்தான் இருக்கின்றன ரீச்சர். என்னுடையவை அப்படி இல்லை,” என்றாள். காணொளியில் நாங்கள் காட்டியபோது தலையாட்டியவள், நடுவர் நிற்கும் இடத்திலிருந்து மாலைதோறும் பார்த்தபின் அதைத் தானே கண்டுகொண்டாள். எந்த முறைக்குப் போவது என்ற கேள்வியை இது தீர்த்துவைத்தது. இடுப்பும் தோளும் சேர்ந்து பக்கவாட்டில் இருக்கும் முறையே அவளுக்கு இயல்பு என்று பயிற்றுநரும் ஏற்றுக்கொண்டார்.

இடையில் ஒரு சோதனையும் வந்தது. மே மாதத்தில் முக்கியமான ஆட்டம். அவளுக்கு வலி இல்லை. இரண்டே ஓவர் வீசட்டும் என்று அணிக்குள் குரல் எழுந்தது. வலி மறைவது எலும்பு பொருந்துவதற்கு முன்பே நடந்துவிடும் என்பதால் மறுத்தோம். தோற்றோம். அதற்காக நான் வருந்தவில்லை.

விளைவு

ஜூன் இறுதியில் வைத்தியரும் இயன்மருத்துவரும் பந்தைக் கையில் எடுக்க அனுமதித்தார்கள். முதலில் நின்ற இடத்திலிருந்து, பிறகு நடந்து வந்து, பிறகு பாதி ஓட்டத்தில், புல் தரையில் மட்டும், ஒருநாள் விட்டு ஒருநாள். பந்து எண்ணிக்கை வாரம் வாரம் சிறிதளவே கூடியது. ஓகஸ்டில் ஒருநாள் முதுகு இறுகியதாக அவளே கொப்பியில் எழுதியிருந்தாள். அந்த வாரத்தை அப்படியே திருப்பிச் செய்யவைத்தோம். முன்பென்றால் அதை மறைத்திருப்பாள்.

செப்டெம்பரில் முதல் ஆட்டம், நான்கு ஓவர், இரண்டு தொடர்ச்சிகளாக. வேகம் முன்பைவிடச் சற்றுக் குறைவு. திசை முன்பைவிட நன்று. ஒரு விக்கெட், தையலில் குத்தி வெளியே விலகிய பந்து, விக்கெட் காப்பாளர் பிடித்தாள். எல்லைக்கோட்டில் நின்ற அப்பா கொப்பியில் ஓவரை எழுதி முடித்துவிட்டுத்தான் கைதட்டினார்.

இழப்பும் உண்டு. அந்த ஆண்டு அணித் தெரிவு ஒன்றுக்கு அவளால் போக முடியவில்லை, அந்த வாய்ப்பு திரும்பி வராது. காயம் மீண்டும் வரக்கூடிய வயதைத் தாண்ட இன்னும் ஆண்டுகள் உள்ளன. குணமாகிவிட்டாள் என்று நாங்கள் யாரும் சொல்வதில்லை.

பாடசாலையில் மாறியவை

அணியில் சேரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் இப்போது பாடசாலைக்கு வெளியே எங்கே, யாரோடு, எந்தத் தரையில் வீசுகிறாய் என்று கேட்டு எழுதுகிறோம். கழகம், ஒழுங்கை, மாமா வீட்டு முற்றம், எல்லாம் அதில் சேரும். பருவத் தொடக்கத்தில் பெற்றோரை அழைத்து, வீட்டில் பழக்குபவர் யார் என்று அறிந்து, அவருக்கும் பயிற்றுநருக்கும் அறிமுகம் செய்துவைக்கிறோம். மாரி முடிந்து பயிற்சி தொடங்கும் ஜனவரியில் முதல் மூன்று வாரமும் பந்து எண்ணிக்கைக்குக் கடுமையான வரம்பு உண்டு. அந்த மாதம்தான் இங்கே ஆபத்தான மாதம். முதுகு வலி என்று ஒரு பிள்ளை சொன்னால் அன்று அவள் வீசுவதில்லை. காரணம் விளக்கத் தேவையில்லை. அடுத்து நான் கேட்டுக்கொண்டிருப்பது பெண்பிள்ளைகளுக்கு மைதானத்தில் இன்னும் இரண்டு மாலைகள். அது கிடைத்தால் சீமெந்தில் விழும் கால்கள் குறையும். பதில் இன்னும் வரவில்லை.

பின்வளவுத் தளத்தின் மேல் தந்தை தும்புப் பாய் விரித்திருக்கிறார். முன்கால் விழும் இடத்தைக் கொத்தி எடுத்து, களிமண் போட்டு இறுக்கியிருக்கிறார். வாரத்தில் இரண்டு மாலை, ஒவ்வொன்றிலும் முப்பத்தாறு பந்து. மற்ற மாலைகளில் அவர் வீசுகிறார், மகள் நடுவர். கொப்பி இரண்டாவதாகிவிட்டது. சாதாரணதரப் பரீட்சை முடிந்ததும் மீண்டும் ஒரு ஸ்கான் எடுத்து, அதன்பின் மாவட்ட அணிக்குப் போவதா என்று தீர்மானிப்பதாக வைத்தியரோடு பேசியிருக்கிறோம்.